பதினான்கு தாள்

ஊத்தங்கரை பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், ஸ்கேன், பான் கார்டு, ரீசார்ஜ்.
பாம்பாறு அணை முகாமிலிருந்து வந்தாள் தவமலர்,
மஞ்சள் பையில் பதினான்கு தாள்.
"அங்க மூன்றரைக்குள்ள போகோணும் அண்ணை."
அங்கே மூன்றரை என்றால் இங்கே எட்டு.
மணி ஏழு பத்து. கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.

முதல் தாள், தம்பி நிமலனின் பிறப்புச் சான்று, மன்னார்.
நான்காவது, ஆஸ்பத்திரிச் சீட்டு, நீர்பட்டு மை கலங்கியது.
ஒன்பதாவது
ஒரு முதுகின் படம்.
கண்ணாடிமேல் அதைக் கவிழ்க்கக் கை தயங்கியது.
மூடியைச் சாத்தினேன்.
வெளிச்சம் அந்த முதுகின்மேல் மெல்ல ஊர்ந்து போனது.

நிமலன் வியன்னாவில், பூட்டிய அறையில்.
விடிந்தால் ஆறு மணிக்கு விமானம்.
அவனுக்காக வாதாடும் அம்மாள் எழுதியிருந்தாள்:
கடைசிக் கதவு ஸ்ட்ராஸ்பர்க். தட்டுகிறேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பதினான்காவதும் போய்ச் சேர்ந்தது.
நான் காசு கேட்கவில்லை. அவள் விடவில்லை.
எழுபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே நின்றிருந்தாள்.
மெயிலில் நாலே வரி:
மறு உத்தரவு வரும்வரை இவரை அனுப்பக் கூடாது.
தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
"ஆர் சொல்லினம்? அந்த நாடோ?"
இல்லை, நாற்பத்தாறு நாடு சேர்ந்து வைத்த கோர்ட்டு.
தம்மைத் தட்டிக் கேட்கச் சொல்லித்
தாமே கையெழுத்துப் போட்ட நாடுகள்.
அப்போதுதான் சிரித்தாள்:
"எங்கட வரிசையில நாற்பத்தாறு வீடு.
ஒரு குழாய்க்கு ஒத்துவரேல்லை."

ஊர்கூடித் தேர் இழுக்கும், பார்த்திருக்கிறேன்.
ஊர்கூடி ஒருவனைப் போகாமல் பிடித்துவைத்ததை
இப்போதுதான் பார்க்கிறேன்.
விமானம் நேரத்துக்குக் கிளம்பும்.
ஓர் இருக்கையில் பெல்ட் மட்டும் கிடக்கும்.

கலர் பிரிண்ட் கேட்டாள்.
கருப்பு எழுத்துக்கு எதற்குக் கலர்?
"முத்திரை நீலமா இருக்கட்டும்."
மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"இந்தக் கோர்ட்டுக்கு நானும் எழுதலாமோ அண்ணை?
முப்பத்தைஞ்சு வருசமா முகாமில இருக்கிறன்."

"அது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தாம்மா."
"இந்தப் பக்கத்துக்கு?"
தேடிப் பார்க்கிறேன் என்று விசைப்பலகையைத் தொட்டேன்.

அவள் காத்திருக்கவில்லை.
பத்து மணிக்கு முகாமில் தலைக்கணக்கு,
ஆள் இல்லையென்றால் பேருக்கு நேரே சிவப்புக் கோடு.
நெரிசலில் டவுன் பஸ் படியேறும்போதும்
அந்தத் தாளை அவள் மடிக்கவில்லை.