பயன்படுத்தப்பட்ட சொல்

ஓல்ட்டனில் நவம்பர் என்றால் புகார்தான்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்து
கோல் கம்பத்துக்கும் எனக்கும் நடுவில் நிற்கும்.
நாலாம் லீக். நாற்பது பார்வையாளர், ஒரு நாய்,
வாட்டிய சொசேஜ் வாசம்.
பெண் நடுவருக்கென்று அறை கிடையாது.
வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில்
உடுப்பு மாற்றினேன். பழகிவிட்டது.

இப்போது அதே அறையில், ஈரக் காலுறையோடு,
மடிக்கணினியில் படிவம்.
நிமிடம். வீரர் இலக்கம். குற்றம்.
பிறகு ஒரு பெட்டி:
பயன்படுத்தப்பட்ட சொல், சொன்ன மொழியிலேயே, பிழையின்றி.

முதலாவது சுலபம்.
இருபத்துமூன்றாவது நிமிடம்.
வேலியில் சாய்ந்திருந்த பச்சை ஜாக்கெட்காரர்
ஓஃப்சைட் கொடுத்ததற்கு என்னைப் பார்த்துச் சொன்னது.
சுவிஸ் ஜெர்மனில் மூன்று சொல்,
நடுவில் இருந்தது என் தோல்.
தட்டெழுதினேன்.
பதினொரு வருசமாய் விசில் ஊதுகிறவளுக்கு
அதன் எழுத்துக்கூட்டல் பாடம்.

இரண்டாவதுதான்.
அறுபத்தெட்டாவது நிமிடம். கோர்னர் கிக்.
கோலி ஹப்தோம், எரித்திரியாக்காரன், நெடுவல்,
பந்தைப் பறித்து நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தான்.
பதினாலாம் இலக்கம் அவனுக்கு மேலே குனிந்து
சிரித்துக்கொண்டு சொன்னான்.
மெதுவாக. தமிழில்.

மைதானத்தில் அல்பேனியம், போர்த்துக்கீசம், துருக்கி, ஜெர்மன்.
அந்தச் சொல்லுக்கான காது
என்னிடமும் இருப்பதை மறந்துவிட்டான்.
பொய் சொல்லமாட்டேன்,
ஒரு கணம் விசிலைக் கடித்தபடி நின்றேன்.
ஒருவருக்கும் விளங்கவில்லை. புகார் வேறு.
விட்டால் போய்விடும்.

எங்கள் வீட்டு விருந்துகளில்
அப்படித்தான் போய்விடும் அது.
றோல்ஸ் தட்டோடு கைமாறும்,
எவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன். ஒருமுறை அல்ல.

ஊதினேன்.
சிவப்பு அட்டை.
கப்டன் ஓடிவந்தான்: என்ன செய்தான்? தொடவேயில்லையே!
பதினாலு என் காதோரம் வந்து
"அக்கா" என்றான். "சும்மா பகிடிக்கு, அக்கா."
அதுவரைக்கும் அவனுக்கு நான் வெறும் றெஃப்ரி.

ஹப்தோமிடம் போனேன்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அவன் கையுறையில் ஒட்டியிருந்த
செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகளைப் பார்த்தேன்.
அவன்தான் பேசினான்.
"எனக்கு விளங்கியது. பேர்னில் இரண்டு வருசம்
உங்கள் ஆட்களோடு பாத்திரம் கழுவினேன்.
சாப்பிட்டியா, அங்கேதான் படித்தேன்.
இதையும்."
'சாப்பிட்டியா'வைத் தமிழிலேயே சொன்னான்,
'ட்'டில் கொஞ்சம் கூடவே அழுத்தி.
பிறகு ஃப்ரீகிக்குக்குப் பந்தை வைத்து
எல்லாரையும் மேலே போகச் சொல்லிக் கையசைத்தான்.

படிவத்தில் தமிழ் ஏறவில்லை,
வெறும் சதுரம் சதுரமாய் நின்றது.
ஜெர்மன் எழுத்தில் அடித்தேன்: காப்பிலி.
அந்த எழுத்தில் அது
ஏதோ இருமல் மருந்தின் பெயர் போலிருந்தது,
மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம்.
தமிழில் அப்படி ஒளிய இடமில்லை.
நாலே எழுத்து,
அதில் ஒன்று புள்ளி வைத்த மெய்.

தொலைபேசி அதிர்ந்தது. பதினாலின் அம்மா.
தேரன்று எனக்குப் பக்கத்தில் நின்று வடம் பிடிக்கிறவர்.
எடுக்கவில்லை. திரும்ப அதிர்ந்து
மேசையில் வழுக்கி வழுக்கி
விளிம்பைத் தாண்டி வாளிக்குள் விழுந்தது.
நல்லவேளை, தண்ணீர் இல்லை.

கடைசிப் பெட்டி: மொழிபெயர்ப்பு.
"கறுப்பன்" போதாது.
அகராதியில் இருப்பதை எழுதினால்
சங்கத்துக் குழு அதைச் சரித்திரம் என்று நினைத்து
தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டும்.
வெளியே யாரோ ஒவ்வொன்றாய்
விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

எழுதினேன்:
பார்க்க, மேலே. இருபத்துமூன்றாவது நிமிடம்.