நான்காவது புள்ளி

பதினேழு செண்டிமீட்டர்.
தச்சர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் எஃகு அளவுநாடாவை
அந்த நீளத்துக்கு வெட்டினால் போதும்,
விண்வெளிக்குப் போகும் ஆன்டெனா தயார்.
மஞ்சள் பூச்சைச் சுரண்டச் சுரண்ட
எண்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
பதினொன்று மட்டும் போக மறுத்தது.
இருக்கட்டும் என்றாள் ருமியானா.

ரூசே நகரத்து ட்ராலிபஸ் பணிமனை,
அதன் மாடியில் எங்கள் அறை.
கடைசி வண்டி கம்பியில் பொறி தெறிக்க
உள்ளே வந்து அடங்கும்வரை
ரிசீவரில் வேறெதுவும் கேட்காது.
ஆகவே எங்களுக்கு
இரவு பதினொன்றரைக்குத்தான் விடியும்.

நாடாவை மடக்கி நைலான் இழையால் கட்டினான் லியூபென்.
டான்யூபில் கெளுத்தி பிடிக்கிற இழை.
மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை தூண்டிலில் கோத்தான்,
ஒன்றும் சிக்கவில்லை.
மேலே போனதும் ஒரு மின்தடை சூடேறி
இழையை அறுக்க வேண்டும், நாடா தானே நிமிரும்.
சோபியாவில் குலுக்கிப் பார்த்தார்கள், வெற்றிடத்தில் வாட்டிப் பார்த்தார்கள்.
எல்லாவற்றிலும் தேறிய பிறகும்
அந்த முடிச்சைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

எடை கூடியிருந்தது.
சட்டத்தில் துளையிட்டோம்,
திருகுகளின் தலையை அராவினோம்,
காய்ந்த பசையைக்கூட நகத்தால் பெயர்த்தோம்.
இன்னும் ஒன்பது கிராம்.
எங்கள் ஆறு பேரின் பெயரைப் பொறித்த தகடு
ஒன்பதரை கிராம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஸ்பாஸ் திருப்புளியை எடுத்தான்.

பரவாயில்லை, ஊர்ப் பெயர் இருக்கிறதே என்றேன்.
நிமிடத்துக்கொரு முறை மோர்ஸில்
ரூசே, ரூசே என்று கூவிவிட்டு
பாட்டரியின் வோல்ட்டையும் தன் உடம்புச் சூட்டையும் சொல்லும்.
அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தது நான்.
அன்றைக்குக் காய்ச்சல் என்பது சாக்கு இல்லை.
காய்ச்சல் இருந்தது.

ஏவிய அன்று கைதட்டினோம்.
மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.
இரைச்சல்.
ஒருநாளில் பதினைந்து முறை உலகைச் சுற்றுகிற பெட்டி
எங்கள் கூரைக்கு மேலேயும் போயிற்று,
கடன் வாங்கியவன் தெருவைக் கடப்பதுபோல.
ஐந்தாம் நாள் லியூபென்
மேசை விளக்கின் கீழ் அதே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தான்.
எட்டாம் நாள் அவன் வரவில்லை.
ஸ்பாஸ் எழுதிய நிரல் மட்டும் அங்கே
மூன்று சுற்றுக்கு ஒருமுறை
குளிர்ந்த இழையை மீண்டும் சுட்டுக்கொண்டிருக்கும்,
பெட்டி உயிரோடு இருந்தால்.

பன்னிரண்டாம் நாள் நமீபியாவிலிருந்து ஓர் அஞ்சல்.
ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில்
மீன் கிடங்கின் குளிர்ப்பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற
ஹெட்விக் ரோலோஃப்.
நாற்பது நொடிப் பதிவு, கீழே மூன்று வரி:
உங்கள் பெட்டி நலம். ஒலி சுத்தம்.
ஆனால் அது ஏன் என்னை ஜெர்மனில் அதட்டுகிறது?
ரூஹ, ரூஹ என்று. வாயை மூடு என்று.

எஸ்ஸுக்கு மூன்று புள்ளி.
எச்சுக்கு நான்கு.

முதலில் சிரித்தது ருமியானாதான்.
சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது.
லியூபெனுக்குத் தொலைபேசினோம்,
பேசாமல் பதிவை மட்டும் ஒலிக்கவிட்டோம்.
மறுமுனையில் நாற்காலி விழுந்தது கேட்டது.

திருத்தலாம்.
கீழிருந்து புது நிரலை ஏற்றலாம்,
ஏற்றும்போது ஒரு பிட் தவறினால்
மொத்தமும் ஊமையாகிவிடலாம்.
ஒரு புள்ளிக்காகவா என்று ஸ்பாஸ் கேட்டான்.
என் புள்ளி. நான் பதில் சொல்லவில்லை.

விடியற்காலை நான்கு பன்னிரண்டு.
ருமேனியக் கரைக்கு மேலிருந்து எழுந்தது,
சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியபடி
ஆற்றைத் தாண்டி எங்கள் தலைக்கு மேல் வந்தது.
ஊர்ப் பெயரைத் தவிர எல்லாம் சரி.
பாட்டரி ஏழு புள்ளி ஒன்பது.
அது சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு
பென்சிலால் குறித்தோம்.
வெப்பம், மைனஸ்,
அடுத்த எண் வருவதற்குள்
கீழே முதல் ட்ராலிபஸ் கம்பியைத் தொட்டது.