கறுத்த பட்டை

அக்டோபர். த்ரெபோன் ஏரிகளை வடிக்கிறார்கள்.
வருடம் முழுக்கக் கிடந்த நீர்
மதகு வழியே பழுப்பாய்ப் போகப் போக
சேற்றோடு சேறாகக் கெண்டைகள் தெரிகின்றன.
கரையில் ஒரு பழைய மாவு ஆலை. அதில் எங்கள் ஆய்வகம்.
கீழே சக்கரம் சுழன்ற குழி,
மேலே குடுவை குடுவையாய்ப் பாசி.

கிளாமிடோமோனாஸ் என்று நீட்டி முழக்கினாலும்
ஒற்றை செல்தான். இரண்டு மயிர்களால் நீந்தும்.
பம்பு அனுப்பும் குமிழி வரும்வரை
அதற்கு யாரோடும் வழக்கில்லை.

வியாழன் விடியல், ஐந்து மணிக்கு,
கோட்டைக்கூடக் கழற்றாமல் மாதிரி எடுத்தேன்.
உறையவைத்தேன்.
நோட்டில் எழுதினேன்: இரவு முழுதும் இருட்டு, காற்று உண்டு.
பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை இருட்டறை.
சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில்,
வெறுமையாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
தடித்துக் கறுத்து
ஒரு பட்டை.

பாஸ்பேட்.
ஒளி பிடிக்கும் புரதத்தின் தலைமாட்டில்
ஒரு த்ரியோனின்மேல் ஒட்டிய ஸ்டாம்பு.

அது எப்போது ஒட்டும் என்று எனக்குத் தெரியும்.
மூச்சு முட்ட வேண்டும்.
இருட்டில் காற்றும் நின்றுபோனால்
சவ்வுக்குள் எலக்ட்ரான்கள் போக்கிடமின்றித் தேங்கும்,
மதகடைத்த ஏரி மாதிரி.
அந்த நெருக்கடியில் நொதி ஒன்று விழித்து
கைக்கெட்டிய புரதத்துக்கெல்லாம் ஸ்டாம்பு குத்தும்.
குத்தியபின் கடிதம் கிளம்ப வேண்டியதுதானே.
இரண்டாம் ஒளித்தொகுதியைவிட்டு
முதலாம் தொகுதிப் பக்கம்
சட்டிபானையோடு வீடு மாறும்.

ஆக, பம்பு நின்றிருக்கிறது.
புரதம் பொய் சொல்லாது என்று சொல்ல மாட்டேன்,
பதினோரு வருடத்தில் என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறது.
இந்த முறை சொல்லவில்லை.

இரவுக் காவலர் வெந்தெலின்
கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.
"வலை இழுக்குற பசங்க, ஸ்திஸ்லாவா.
ராத்திரி ஒரு மணி. இடுப்பு வரைக்கும் ஈரம்.
ஒருத்தனுக்குப் பல்லு கிட்டிப்போச்சு, பேச்சே வரல.
கெட்டில் போட ப்ளக் இல்ல, அதைப் பிடுங்கினேன்.
ரம் ஊத்தின டீ, ஆளுக்கு ரெண்டு குவளை.
அப்புறம் மறந்தே போயிட்டேன்.
உங்க சைக்கிள் சத்தம் கேட்டுத்தான் சொருகினேன்."

இருபது நிமிடம்.
பேக்கரி வாசலில் யாரோடாவது நின்று பேசியிருந்தால்,
சைக்கிள் செயின் கழன்றிருந்தால்,
காற்று உள்ளே போய்த் தேங்கியது வடிந்து
ஒட்டியதை உரிக்கும் இன்னொரு நொதி
சத்தமில்லாமல் அத்தனையும் உரித்திருக்கும்.
போன புரதங்கள் பழைய வீட்டுக்கே வந்திருக்கும்.
பிலிம் துடைத்தாற்போல் இருந்திருக்கும்.
நானும் அதை நம்பியிருப்பேன்.

ராத்மிலா பிலிமைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்,
தூக்கிப் போட்டுவிடலாமா?
அவளுக்கு வெள்ளிக்குள் அறிக்கை தர வேண்டும்.

நோட்டைத் திறந்து 'காற்று உண்டு' என்பதை அடித்தேன்,
அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு, அதுதான் விதி.
ஒரு மணி முதல் ஐந்து வரை காற்று இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
கெட்டில், என்று எழுதினேன்.

திங்களன்று என் மேசைமேல்
ஈரச் செய்தித்தாளில் சுற்றிய கெண்டை.
வெந்தெலின் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
நன்றிக்கோ மன்னிப்புக்கோ.
அதன் செவுள் இன்னும்
திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியை நிரப்பி
அதை உள்ளே விட்டேன்.
பம்பிலிருந்து ஒரு குழாயைப் பிரித்து அதற்கும் கொடுத்தேன்.
எந்தக் குடுவையிலிருந்து பிரித்தேன்,
எத்தனை மணிக்கு,
எல்லாம் நோட்டில் இருக்கிறது.