இரண்டேகால் அடி

கில்பிரானக் என்ற ஊர் மூன்று மைல் தள்ளி இருக்கிறது.
கில்பிரானக் சந்திப்பு இங்கே,
கரிமண் சதுப்பின் நடுவில்.
தன் மான்கள் மிரளும் என்று பிரபு ஒருவர்
தண்டவாளத்தை ஊருக்குள் விடவில்லை.
மான்கள் போய்ச் சேர்ந்தன; பிரபுவும்.
நிலையம் மட்டும் நின்ற இடத்திலேயே
வருடத்துக்கு ஒரு விரல்கடை
இறங்கிக்கொண்டிருந்தது.

டப்ளினிலிருந்து வந்தது அகலப் பாதை, ஐந்தேகால் அடி.
கடற்கரையிலிருந்து வந்தது குறுகியது, மூன்றடி.
இங்கே சந்திப்பதாகப் பலகை சொன்னது.
சந்திக்கவில்லை.
நடுமேடையின் இருபுறமும்
சம்பந்தம் பேச வந்து முறைத்துக்கொண்ட
இரண்டு வீட்டார் போல நின்றன.

மிச்சம் இரண்டேகால் அடி.
அதில்தான் நான்கு வீட்டு அடுப்பு எரிந்தது.
ஒரு வண்டியில் இறக்கி, இருபது தப்படி நடந்து,
மறு வண்டியில் ஏற்ற வேண்டும்:
முட்டைப் பெட்டிகள், உப்பிட்ட கானாங்கெளுத்தி,
கால் கட்டிய பன்றி,
பாதிரியார் வீட்டுப் பியானோ
(மலாக்கி டூஹியின் இடுப்பு அன்று போனது,
கடைசிவரை திரும்பவில்லை),
அமெரிக்கா போகிறவர்களின் பெட்டிகள்,
லிவர்பூலில் செத்தவர்களின் பெட்டிகள்.
இரண்டாவது வகைக்கு டூஹி தொப்பியைக் கழற்றுவார்.
முதல் வகைக்கும்தான் என்றொரு பேச்சு உண்டு.

கடிகாரமும் இரண்டு, கம்பெனிக்கு ஒன்று.
அகலத்தின் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும்.
அந்த நான்கு நிமிடத்தில் வண்டியை விட்டவர்கள்
தேநீர் அறையில் இரவைக் கழித்தார்கள்.
அட்ராக்டா மல்குவீன் ஒருவரையும் விரட்டியதில்லை.
காசு வாங்காமல் விட்டதுமில்லை.

இருபத்திரண்டில் சிக்னல் அறையை எரித்தார்கள்.
எரித்தவர்களில் ஒருவன் மறுவாரமே
சந்தைக்கு இந்த வழியாகப் போக வேண்டியிருந்தது.
சமையலறை நாற்காலியில் ஏறி நின்று
வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஃபின்டன் கெராட்டி
அவன் வண்டிக்கும் பச்சைக்கொடிதான் காட்டினார்.
கொஞ்சம் தாமதமாக.

ஐம்பத்தேழு, டிசம்பர் முப்பத்தொன்று. மழை.
கடைசி வண்டிக்கு ஏழு பேர்.
ஆறு பேர் வேடிக்கைக்கு.
ஏழாவது ஒரு பெண், கக்கத்தில் கோழி,
நாளை திரும்பி வரவும் சேர்த்துச் சீட்டுக் கேட்டாள்.
அட்ராக்டா ஒருவழிச் சீட்டைக் கிழித்து
பாதிக் காசை ஜன்னல் வழியே
திருப்பித் தள்ளினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இரும்பு வியாபாரி வந்தான்.
எனக்கு எட்டு வயது, வேலிமேல் உட்கார்ந்திருந்தேன்.
அகலத்தின் இரும்பும் குறுகியதன் இரும்பும்
ஒரே லாரியில், ஒன்றின்மேல் ஒன்று,
எழுபது வருடத்தில் முதல் முறையாகத் தொட்டுக்கொண்டு
தடதடவென்று போயின.
என்ன சண்டை போட்டனவோ.

மிச்சத்தை அப்பா நாற்பது பவுண்டுக்கு வாங்கினார்.
சரக்குக் கொட்டகையில் இன்று என் கிடாரிகள்.
போன மார்ச்சில் ஒன்று
சீட்டுக் கொடுக்கும் அறைக்குள் புகுந்து ஈன ஆரம்பித்தது.
இரவு இரண்டு மணி, கன்று குறுக்கே கிடக்கிறது.
புது மருத்துவர், லூப்ளின் பக்கத்துப் பெண்,
போனில் முகவரி கேட்டாள்.
சந்திப்பு என்றேன்.
எதுவும் எதுவும் சந்திக்கிற இடம்? என்றாள்.

வெளியே கும்மிருட்டு.
என் கை முழங்கைவரை பசுவுக்குள்.
நேரே வா அம்மா, என்றேன்,
மேடை தட்டுப்படும்.
பயப்படாதே, இப்போதெல்லாம்
அது முழங்கால் உயரம்கூட இல்லை.