எண்பத்தைந்து டிகிரியில் ஒரு வாதம்

வியாழன் இரவு ஏழு முதல் எட்டு வரை
எங்கள் முறை.
ஔலு நகரம், ஆறாம் எண் குடியிருப்பின் அடித்தளம்,
சவுனா அறையின் மேல் பலகையில்
மூன்று ஆண்கள்.
உடம்பில் ஒரு நூல் இல்லை.
பேச்சு மட்டும்
அந்தரங்கத்தைப் பற்றி.

தூரே, ஃபயர்பாக்ஸ் கட்சி.
"குரோம் நினைவகத்தைத் தின்று தீர்க்கிறது,
இருபது தாவல் திறந்தால் விசிறி
விமானம் ஏறுகிற மாதிரி இரைகிறது."
உன்னிடம் எத்தனை திறந்திருக்கின்றன என்றேன்.
"இருநூற்றுப் பதினான்கு."
சொல்லிவிட்டு
முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"எட்ஜ், ஓபரா, பிரேவ், எதை எடுத்தாலும்
உள்ளே ஓடுவது ஒரே எஞ்சின்.
சட்டைதான் வேறு வேறு."
"எஞ்சினா?" என்றார் வெய்யோ.
"யமஹா வாங்கு. குளிரில் மக்கர் பண்ணாது."
காகித ஆலையில் மின்பணி பார்த்து ஓய்ந்தவர்,
படகு வைத்திருப்பவர்.
தூரே குரலை உயர்த்தி
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

நான் இந்தக் கட்டடத்துக்குக் கணக்கு எழுதுகிறவன்.
கணினியோடு எது வந்ததோ
அதிலேயே பன்னிரண்டு வருடம்.
மாற்றவா மாற்றவா என்று அது கேட்கும்போதெல்லாம்
'பிறகு' என்பதை அழுத்தியிருக்கிறேன்.
இதைச் சொன்னதும் இருவரும்
ஒரே கட்சியாகி என்னைப் பார்த்தார்கள்.

குக்கிக்கு இந்த ஊர் மொழியில்
கட்டுச்சோறு என்று பொருள்படும் சொல்.
எட்டிப்பார்த்த வீட்டிலெல்லாம்
ஒரு பொட்டலம் கையில் திணிக்கிறார்கள்.
வேண்டாம் என்று சொல்ல
ஏழு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்,
வாங்கிக்கொள்ள ஒரே பொத்தான்.
"சோறு கட்டிக்கொடுத்தவன்
பின்னாலேயே வருகிறான்,
அதுதான் சங்கதி" என்றான் தூரே.

வெய்யோ அகப்பையில் நீரள்ளினார்.
"எனக்கு எதுவானாலும் ஒன்றுதான்.
அந்தக் கறுப்புச் சாளரம் இருக்கிறதே,
அதில் போனால் எவனுக்கும் தெரியாது."

"பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை!
மறப்பது உங்கள் கணினி மட்டும்.
போன இடம் மறப்பதில்லை.
இணைப்புக் கொடுத்தவன் மறப்பதில்லை.
இந்தக் கட்டடத்து ரூட்டரைப் பார்க்கிறவன் நினைத்தால்
எந்த வாசலைத் தட்டினீர்கள் என்றாவது..."

நிறுத்தினான்.
பார்க்கிறவன் அவன்தான்.

கல்லில் நீர் விழுந்தது.
ஆவி முதலில் கூரைக்குப் போய்
அப்புறம்தான் காதுமடலுக்கு வந்தது.

"பார்த்தாயா?"
"இல்லை. சத்தியமாக."
இந்த ஒன்று அவருக்கு
முதல் தடவையிலேயே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.
காதுக்கருவி. இரண்டு காதுக்கும்.
மூவாயிரத்து நானூறு யூரோ.
ராத்திரி ராத்திரி விலை பார்க்கிறேன்,
ரைலிக்குத் தெரியக் கூடாது.

தூரே என்னைப் பார்த்தான்.
நான் வாளியைப் பார்த்தேன்.
அவர் வீட்டுத் தொலைக்காட்சி
நாற்பத்திரண்டில் ஓடுகிறது,
மூன்று மாடியும் அதில்தான் செய்தி கேட்கிறது.
இரண்டு வருடமாக நாங்கள் அவரிடம்
பேசுவதில்லை, கத்துகிறோம்.
எந்த உலாவியில் ஒளித்தால் என்ன?

"தெரியாது வெய்யோ,
யாருக்கும் தெரியாது" என்று
சவுனா அதிரச் சொன்னேன்.

உடம்பு ஆற முற்றத்துக்கு வந்தோம்.
மைனஸ் இருபத்து மூன்று.
இடுப்பில் துண்டு,
பனியில் வெறுங்கால்,
மூன்று அடுப்புப் போல
தோளெல்லாம் புகை.

துருவ ஒளிக்கு நரிநெருப்பு என்றுதான்
இங்கே பெயர்.
நரி ஒன்று வாலால் பனியைக் கிளறுகிறதாம்,
தீப்பொறி வானத்துக்கு ஏறுகிறதாம்.
"ஃபயர்பாக்ஸ்! நம்முடையது!" என்று
தூரே மார்தட்டி மேலே காட்டினான்.

மேகம்.
அதற்குமேலும் மேகம்.
சாம்பல் நிறத்தில்
அசையாத ஒரு திரை.

வெய்யோ கழுத்தை நிமிர்த்தி
நெடுநேரம் பார்த்தார்.
"பக்கம் ஏற்றப்படுகிறது" என்றார்.

தலைமயிர் விறைத்து
ஒவ்வொன்றாய் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.
எட்டு மணிக்காரர்கள் உள்ளிருந்து
கண்ணாடியைத் தட்டினார்கள்.
அவருக்கு மட்டும் கேட்கவில்லை.
அவருக்காக
நாங்களும் நின்றோம்.