மேசை இருந்த இடம்

பெர்கனில் நவம்பர்.
மழைக்கு இது பத்தொன்பதாம் நாள்.
இருபத்தெட்டு அடிப் படகின் வயிற்றுக்குள்
நான், ஆஸ்முண்ட்,
நடுவில் தேக்கு மேசை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பதற்கு
நான்கு மூலை வைத்துச் செய்த சாட்சி.
அடுப்புக்குப் போக ஒருக்களித்து,
படுக்கைக்குப் போக ஒருக்களித்து,
அவர் காலுறை தேடினால்
நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி,
என் இடுப்புக்கும்.
இடப்பக்கக் கன்றல் பழசு, மஞ்சள்.
வலப்பக்கத்தது இந்த வாரம், கத்தரிப்பூ நிறம்.

அறுத்துவிடலாம் என்றேன்.
மருத்துவர் முதுகைத் தட்டுவதுபோல்
மேசையைத் தட்டிப் பார்த்தார்.
"சிக்ரூன், இதன் கால்
இதனுடைய கால் இல்லை."

உண்மைதான்.
அந்த எஃகுக் குழாய்
மேலே பாய்மரத்தைச் சுமக்கிறது.
காற்று அறையும் ஒவ்வொரு முறையும்
அந்த அடி முழுவதும் இதன் வழியாகத்தான்
அடிக்கட்டைக்கு இறங்குகிறது.
பதினோரு வருடம்
முழங்காலை இடித்துக்கொண்டு
இதையா திட்டினேன்?

சரி, குழாய் இருக்கட்டும். பலகை போகட்டும்.
பாதியை முன்சுவரில் கீல் போட்டு மாட்டுவது,
வேண்டும்போது இறக்க, வேண்டாதபோது
ஜன்னல் கதவுபோல் மேலே சாத்த.
முதலில் மீன்பெட்டி அட்டையில் வெட்டிப் பார்த்தோம்.
எட்டு நாள் அட்டை மேசையில் சாப்பிடுவதாக நடித்தோம்,
காப்பிக் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

பக்கத்துப் படகு ஹால்டிஸ் ரம்பம் தந்தாள்,
கேட்காமலே கருத்தும் தந்தாள்:
"மேசையை வெட்டியவர்கள்
சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை."
ரம்பம் கூர்மை.

தூள் பறந்தது.
பழைய எண்ணெய், சிந்திய மீன்சாறு,
எங்களுக்கு முன் இங்கே வாழ்ந்த யாரோ ஒருவரின்
சுருட்டு. எல்லாம் மணத்தது, போனது.

தரை வந்தது.
எழுபது சென்டிமீட்டர் அகலம்,
ஓர் ஆள் நீளம்.
அடுப்புவரை போனேன், திரும்பினேன்,
காரணமில்லாமல் மூன்று முறை.
எதுவும் என்னை இடிக்கவில்லை.

அப்புறம்தான் சங்கடம்.
சண்டையென்றால் அவர் விரல்கள் தாளம் போடும் மரம் இல்லை.
நான் முழங்கை ஊன்றி முகம் மறைக்கும் மூலை இல்லை.
எதிரெதிர் இருக்கையில்
கை முழங்கால்மேல்,
தாமதமான ரயிலுக்குக் காத்திருக்கும்
அறிமுகமில்லாத இருவர்போல.
ஹால்டிஸின் வாய் பலித்துவிடுமோ
என்றுகூட நினைத்தேன்.

ஒரு ராத்திரி முதுகுவலி என்று
அவர் அந்தத் தரையில் மல்லாந்தார்.
பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்றிருந்தேன்.
"கேள்."
இறங்கிப் படுத்தேன்.
ஒருவருக்கான அகலம்;
இரண்டு பேரென்றால், பழக்கம்தானே, ஒருக்களித்து.
காதைப் பலகையில் வைத்தேன்.
வெளியே நீர் படகைத் தடவும் சத்தம்.
அதற்கும் கீழே இன்னொன்று.
சொட்.
நீண்ட இடைவெளி.
சொட்.

மேசையடியில் சிக்கி
இத்தனை வருடம் தூக்க முடியாமல் கிடந்த பலகையை
இன்று ஒரு விரலால் தூக்கினார்.
டார்ச் வெளிச்சத்தில்
அடிக்கட்டைத் திருகாணி ஒன்று
வியர்த்துக்கொண்டிருந்தது.
மழைநீராக இருந்தால் பிழைத்தோம்.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.

இரண்டு மணிக்குப் புது மேசையை இறக்கினோம்.
அதில் திருகுசாவி, அடைப்புப் பசை, இரண்டு காப்பி.
கீழே, சொட்டுக்கு நேராக, ஒரு வெண்ணெய் டப்பா,
கடலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க.
அப்போது தொலைவில் ஏதோ கப்பல் போயிருக்க வேண்டும்,
அதன் அலை தாமதமாக வந்து சேர்ந்தது.
என் கோப்பை நிதானமாக நகர்ந்து
விளிம்பு தாண்டி
என் மடியில் விழுந்தது.

அவர் சிரித்த சிரிப்பு
ஹால்டிஸ் படகுக்குக் கேட்டிருக்கும்.
"விளிம்புச் சட்டம் வைக்க மறந்துட்டோம்."
நனைந்த பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன்.
நாளைக்கு வைக்கலாம்.
வெட்டி மிஞ்சிய தேக்கு
படுக்கைக்கடியில் இருக்கிறது,
அளந்து பார்த்தேன், நீளம் போதும்.