முதலில் யாரைக் கேட்பது

ஏழு மணிப் படகுக்கு இன்னும் இருபது நிமிடம்.
மழை. சிலோயே தீவில் அது செய்தியே இல்லை.
கண்ணாடிக்கு அப்பால் ஒன்பது பேர்,
ஒரு கூடை மட்டி,
கழுத்தில் கயிறோடு இரண்டு ஆட்டுக்குட்டிகள்.
என் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி:
இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா?
நேற்று மாலை வரை உன் வயிற்றில்தானே இருந்தது!

பிறகுதான் பார்த்தேன், பின்பக்கம் ஒரு பென்டிரைவ்.
கேள்வித்தாள் அச்செடுக்க வந்த
ஃபிளோரிதோர் வாத்தியார் மறந்துவிட்டுப் போனது.
ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கை வைத்துக்கொண்டு
எந்த எந்திரம் கண் விழிக்கும்?
பிடுங்கினேன். விழித்தது.

விழிக்கிற விதத்தை அன்றுதான் முழுசாகக் கவனித்தேன்.
முதலில் ஃபிளாப்பியைத் தட்டும்,
க்ரக், க்ரக்,
பல வருடமாகக் குடியில்லாத வீட்டை.
அப்புறம் சிடி. உள்ளே பிரிண்டரோடு வந்த தட்டு
சுற்றிச் சுற்றி ஓயும்.
அப்புறம் நெட்வொர்க்:
ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொரு புள்ளி,
மறுமுனை எங்கே போகிறதென்று
யாருக்கும் தெரியாத கேபிள் வழியாக
யாராவது முகவரி தருவார்களா என்று
ஒரு நிமிடம் முழுக்க.
பிறகு பென்டிரைவ் உண்டா என்று ஒரு பார்வை.
எல்லாரும் கைவிரித்த பின்புதான்
சொந்த வன்தட்டின் பக்கம் திரும்பும்.
பயணச்சீட்டு, ஓதம் ஏறி இறங்கும் நேரம்,
கடன் சொல்லிப் போனவர்கள் பெயர்
எல்லாம் அங்கேதான், வைத்தது வைத்தபடி.

யார் போட்ட வரிசை இது?
காஸ்த்ரோவிலிருந்து வந்த மெக்கானிக்குகள்
ஆளுக்கொரு கோளாறுக்காக
ஆளுக்கொன்றை மேலே ஏற்றிவிட்டு
இறக்காமலே போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் படகு பத்துக்கு.
எட்டுக்கே வந்து உட்கார்ந்தேன்.
டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
கோழி கொத்துகிற மாதிரி.
முந்தினால் கேட்காது, பிந்தினால் தாண்டிவிடும்.
மூன்றாம் முறை நீலத் திரை.
அங்கே மவுஸ் செல்லாக்காசு.
எனக்கு ஆங்கிலம் தெரியாது;
ஆனாலும் ஒன்று, இரண்டு, மூன்று தெரியும்.
கூட்டல் குறியை அழுத்த அழுத்த
வன்தட்டு படிப்படியாக மேலே வந்தது,
ஃபிளாப்பி ஒன்றும் சொல்லாமல் இறங்கியது.
எஃப் பத்து. சேமிக்கவா என்றது.
ஆம்.
இருபத்திரண்டு நொடி!
ஆளில்லாத அறையில் கை தட்டினேன்.

திங்கள் காலை:
க்ரக், க்ரக்.

அதே வரிசை, அதே புள்ளிகள்.
முதல் சீட்டை வாங்கிய எலியாசர்
சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.
"சென்யோரா ஒத்திலியா,
இந்தத் தேதியில் நான் பிறக்கவே இல்லையே."
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து மூன்று.

மூடியைக் கழற்றினால்
நாணய அளவில் ஒரு பேட்டரி செத்துக் கிடக்கிறது.
ராத்திரி மெயினை அணைத்ததும்
சொன்னதெல்லாம் மறந்து
செய்த தொழிற்சாலை சொன்னதற்கே திரும்பியிருக்கிறது.
அந்த அளவு பேட்டரி கடையில் இல்லை,
என் வீட்டு எடை மெஷினில் இருந்தது.
இனி என் எடை எனக்குத் தெரியாது. நல்லதுதான்.

மறுபடி கோழி, மறுபடி நீலம், மறுபடி ஆம்.

செவ்வாய் காலை சத்தமே இல்லை.
"இன்றைக்குச் சீக்கிரம் திறந்துவிட்டாயே" என்றார்
மட்டிக் கூடைக்காரர்.
அவ்வளவுதான் பாராட்டு.

ஜெயித்த சூட்டோடு ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
டார்ச்சை ஆட்டி ஆட்டி வண்டிகளை ஏற்றுகிறான் எராஸ்மோ:
விறகு லாரி, பால் லாரி,
சால்மன் தீவனம், குட்டிகளை ஏற்றிய வேன்.
முதல் தடம் மட்டும் காலி.
ஆம்புலன்ஸுக்கு.
ஹாரன் அடிக்கிறார்கள். விடமாட்டான்.
மேட்டுப் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்,
மழை தவிர யாரும் வரவில்லை,
அதற்குப் பிறகே கயிற்றை அவிழ்க்கிறான்.
நாளைக்குப் பதினாறு தடவை இப்படி.
ஆம்புலன்ஸ் வருவதோ
வருடத்துக்கு நாலைந்து முறை.

அந்த வரிசையைப் பற்றி
என்னிடம் யாரும் கேட்டதில்லை.
இப்படியே சேமிக்கவா என்று கேட்டால்
ஆம்.